66 அடியில் ஒலிக்கும் சங்கு

வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள், 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. 66 அடிக்குக் கீழே தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் பதிவேட்டோடு சரி, சங்கு ஒலிக்காது. ஒவ்வோர் அடிக்கும் ஒலித்தால் யார் காதில் வாங்குவார்கள்?

லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலும் இப்படித்தான் பேசுகிறது. வன்பொருளை நேரடியாகக் கையாளும் அந்த அடிநிலை நிரல், தான் காண்பதை ‘பிரிண்ட்கே’ என்ற வழியில் எழுதி வைக்கிறது. செய்திக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். 0 என்றால் இயந்திரம் இனி ஓடாது. 7 என்றால் பிழை தேடுபவருக்கான குறிப்பு. பதிவானவை நினைவகத்தில் சேரும், அவசரமானவை மட்டும் திரைக்கு வரும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், கணினி எழுந்து எத்தனை விநாடி ஆயிற்று என்ற கணக்கும் இருக்கும்.

நினைவகத்தில் அந்த இடம் சிறியது; பல கணினிகளில் 128 கிலோபைட்தான். நிரம்பியதும் பழைய வரிகளின் மேலேயே புதியவை எழுதப்படும். கெர்னலே நிலைகுலைந்துவிட்டால் கடைசி வரிகளை வட்டில் எழுதக்கூட அவகாசம் இருக்காது. அதனால் பிழை தேடுபவர்கள் சீரியல் கேபிள் போட்டு, பக்கத்துக் கணினியில் அந்தக் கடைசிப் பேச்சைப் பிடிக்கிறார்கள்.

அங்கேதான் சிக்கல். 1,15,200 பாட் வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 11,500 எழுத்துகளே போகும். 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு 7 மில்லிவிநாடி. காத்திருக்கும் செயலிக்கு அது மிக நீண்ட நேரம். நேரப் பொருத்தத்தால் வரும் பிழையைப் பிடிக்க ஒரு வரி அச்சிட்டால், அந்தத் தாமதத்திலேயே பிழை மறைந்துவிடும். வரியை நீக்கினால் திரும்ப வந்து நிற்கும்! உடனுக்குடன் இயங்க வேண்டிய கருவிகளுக்கான நிகழ்நேர லினக்ஸ், மூலக் கெர்னலில் சேர 2024 வரை காத்திருந்தது. கடைசித் தடைகளுள் ஒன்று இந்தப் பிரிண்ட்கே. ஜான் ஓக்னஸ் முதலான நிரலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து அதைத் திருத்தி எழுதினார்கள்.

இது தொலைதூரக் கதையல்ல. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அதன் அடியில் இதே கெர்னல். தேனி மாவட்டத்தின் கம்பத்திலும் சின்னமனூரிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கே அது வந்து சேர்ந்தது.

ஆனால் மடிக்கணினி மக்கர் செய்தால் சர்வீஸ் கடையில் கேட்கும் முதல் பேச்சு, “ஃபார்மட் போட்ருவோம்ணே!” வன்தட்டில் எந்த செக்டாரைப் படிக்க முடியவில்லை, செயலி சூடேறி வேகத்தைக் குறைத்ததா, யூஎஸ்பி எப்போது துண்டித்துக்கொண்டது என்பதையெல்லாம் கெர்னல் எழுதியிருக்கும். வட்டில் சேர்ந்த அந்தச் சாட்சியத்தை ஃபார்மட் அழிக்கிறது, பழுதான வட்டு பழுதாகவே இருக்கிறது. இந்த வழக்கம் மாற வேண்டும்.

போடி அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களின் ஆய்வகங்களில், பழைய மடிக்கணினிகளை வைத்து இந்தப் பதிவைப் படிக்கப் பழக்கலாம். வீட்டிலும் செய்யலாம். லினக்ஸில் முனையத்தைத் திறந்து, சூடோ என்பதோடு டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். கடைக்குப் போகும்போது அந்த வரிகளைப் படமெடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.