அண்ணன் கணக்கில் இருந்த மைல்கள்

ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு 42,000 விமான மைல்களை மாற்ற 660 டாலர் கட்டியிருக்கிறேன். ஆயிரம் மைலுக்கு 15 டாலர், அதற்கு மேல் 30 டாலர் செயலாக்கக் கட்டணம். 2023-ஆம் வருடத்து ரூபாய்க் கணக்கில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். எங்கள் அம்மா எந்தத் தொகையையும் பவுனாக மாற்றித்தான் பார்ப்பார். அன்றைய விலைக்கு அது ஒரு பவுனுக்கும் கூடுதல்.

மகள் அந்த ஜூன் மாதம் பள்ளிப் படிப்பை முடித்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் நியூஜெர்சியில், அண்ணன் டாலஸில், அம்மா திருச்சியில். நாங்கள் இருவருமே ஒரே விமான நிறுவனத்தின் கிரெடிட் கார்டை வருடக்கணக்காகத் தேய்த்து மைல் சேர்த்தவர்கள். மளிகை, பெட்ரோல், பிள்ளைகளின் பல் டாக்டர் என்று எல்லாம் அதில்தான். சென்னையிலிருந்து நியூவர்க் வர ஒரு வழிக்கு 42,000 மைல் கேட்டது. போய்வர 84,000. என் கணக்கில் ஒரு வழிக்குப் போதுமான மைல் இருந்தது, அண்ணனிடமும் ஏறக்குறைய அதே அளவு. இதைச் சொல்லும்போதே உங்களுக்கு விடை தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

இரவு உட்கார்ந்து தேடியதில் நல்ல இணைப்பு ஒன்று கிடைத்தது. பிராங்பர்ட்டில் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை, பகலிலேயே இங்கே வந்து இறங்கிவிடலாம். கோடை விடுமுறைக் காலத்தில் மைலுக்கு இப்படி ஒரு இருக்கை அகப்படுவது அபூர்வம். விமான நிறுவனங்கள் மைலுக்கென்று திறந்துவிடுவதே சில இருக்கைகள்தான். உடனே அண்ணனைக் கூப்பிட்டேன்.

“நீ எதுக்குடா அலையிற? நானே போட்டுடறேன், தேதிய மட்டும் சொல்லு” என்றார்.

“வேண்டாம்ணே. உங்க மைலை என் கணக்குக்கு மாத்தி விடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

“அதுக்குக் காசு கேப்பானேடா.”

“நான் கட்டிக்கிறேண்ணே.”

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. கொடுப்பவர் கணக்கிலிருந்துதான் மாற்ற முடியும் என்பதால் என் கார்டு எண்ணைப் போனிலேயே சொன்னேன், அவர் அடித்துக்கொண்டார். தொகையைப் பார்த்ததும் ஒருமுறை வாசித்துக் காட்டி, “போடட்டுமா?” என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.

மைல் உடனே ஏறவில்லை. ஏறியபோது அந்த இருக்கை போயிருந்தது. விழாவுக்கு முன்னால் வந்து சேரும்படி மிச்சமிருந்த ஒரே வழியில், பிராங்பர்ட்டில் கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல் காத்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் அதையே எடுத்தேன்.

பிறகு வீல்சேர் சொல்வதற்காக நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்மணி பொறுமையானவர். அம்மாவால் படி ஏற முடியுமா, விமானத்துக்குள் இருக்கை வரை நடப்பாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பேச்சோடு பேச்சாக, மைல் வந்து சேரத் தாமதமானதில் நல்ல இணைப்பு போய்விட்டது, அதை மறுபடி பெற வழி உண்டா என்று கேட்டேன். அவர் பார்த்துவிட்டு இல்லை என்றார். பின் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் சகோதரர் கணக்கில் அப்போது எத்தனை மைல் இருந்தது?

சொன்னேன்.

உங்கள் கணக்கில்?

அதையும் சொன்னேன்.

அப்படியென்றால் வருகிற பயணத்தை அவர் கணக்கிலும் திரும்புகிற பயணத்தை உங்கள் கணக்கிலும் தனித்தனியாக எடுத்திருக்கலாமே, மைலை மாற்றவே வேண்டியதில்லையே என்றார். மைலை வைத்து யார் பெயரில் வேண்டுமானாலும் டிக்கெட் எடுக்கலாம், அது உங்களுக்குத் தெரியும்தானே என்றும் கேட்டார். குத்திக்காட்டும் குரல் இல்லை. உதவ நினைக்கிற ஒருவர் கேட்கும் கேள்வி.

தெரியும் என்றேன். உண்மையிலேயே தெரியும். என் மைலில் மனைவிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நண்பனின் தந்தை இறந்தபோது அவன் ஊருக்குப் போக என் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு வழிக்குத் தனியாக எடுக்க முடியும் என்பதும் தெரியும். அவன் திரும்பும் நாள் தெரியாததால் அன்று அப்படித்தான் எடுத்தேன். தெரிந்ததெல்லாம் அந்த ஒரு இரவு எங்கே போயிற்று? அண்ணன் “நானே போட்டுடறேன்” என்று சொன்னதிலேயே முழு வழியும் இருந்தது. அவர் அன்றிரவே வருகைக்கான டிக்கெட்டைப் போட்டிருந்தால் அந்த இணைப்பு கையில் இருந்திருக்கும், 660 டாலரும் மிஞ்சியிருக்கும்.

போனை வைத்த பிறகும் அண்ணனின் அந்த வாக்கியத்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. ஆனால் எனக்கு அது வேறாகக் கேட்டது. அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா போனபோது நான் பள்ளியில் இருந்தேன். என் கல்லூரிக் கட்டணம் அவர் கட்டியது, அமெரிக்காவுக்கு நான் ஏறிய முதல் விமானத்துக்கு டிக்கெட் அவர் எடுத்தது. வீட்டில் எந்தக் காரியம் வந்தாலும் அம்மாவின் வாயில் வருவது “பெரியவன் பாத்துக்குவான்” என்பதுதான். இந்த ஒருமுறையாவது அம்மா என் கையால் வர வேண்டும் என்று நினைத்தேன். உறுதிச் சீட்டு என் மின்னஞ்சலுக்கு வர வேண்டும், நான் அதை அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அண்ணனின் மைலாக இருந்தாலும் என் கணக்கு வழியாகப் போக வேண்டும். அந்த 660 டாலர் இதற்காகத்தான் போனது. கட்டும்போது எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

கட்டியதைத் திரும்பப் பெற முடியாது. மாற்றிய மைலை மறுபடி பழைய கணக்குக்கு அனுப்ப வேண்டுமென்றால் அதற்கும் அதே கட்டணம்தான்.

அதன் பிறகுதான் இந்த மைல் வியாபாரத்தைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘ஏஅட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியபோது, பறந்தவர் மறுபடியும் தங்களிடமே வர வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்று வங்கிகள் கோடிக்கணக்கில் மைல்களை விலைக்கு வாங்கிக் கார்டுக்காரர்களுக்குக் கொடுக்கின்றன. 2020-இல் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடகு வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா ஸ்கைமைல்ஸை வைத்து 900 கோடி. பறப்பது நின்றாலும் மைலுக்கு இவ்வளவு மதிப்பு. நம் கணக்கில் இருப்பதாலேயே அது நம் சொத்து ஆகிவிடுவதும் இல்லை. விதிமுறைகளில் அதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். உறுப்பினர் தகுதியைப் பறித்த நிறுவனத்தின் மீது ஒரு யூத மதகுரு தொடுத்த வழக்கில், 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது.

எங்கள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். சாதாரண வகுப்பு டிக்கெட்டுக்கு ஒரு மைல் பெரும்பாலும் ஒரு சென்ட், மிஞ்சினால் ஒன்றரை சென்ட் பெறும். நான் மாற்றக் கொடுத்ததே மைலுக்கு ஒன்றரை சென்டுக்கு மேல். அண்ணன் எனக்கு இலவசமாகக் கொடுத்ததை நான் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

ஒரு குடும்பத்துக்குள் மைலைப் பகிர்ந்துகொள்ள எத்தனை வழிகள் இருக்கின்றன என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஒரே வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து வீட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். எமிரேட்ஸிலும் குடும்பக் கணக்கு உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஐந்து பேரின் பெயரைப் பதிந்துவைத்தால் நம் மைலிலேயே அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம். ஜெட்புளூவில் இலவசமாக ஒரே தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பின்னர் 2024 மார்ச்சில் யுனைடெட்டும் ஐந்து பேர் வரை அப்படிச் சேர அனுமதித்தது. பல நிறுவனங்களில் இதெல்லாம் தேவையே இல்லை, கணக்கு வைத்திருப்பவர் நினைத்தால் போதும்.

அம்மா வந்த அன்று நியூவர்க்கில் வெளியே வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பு ஏறாமல் மடியில் வைத்திருந்தார். பிராங்பர்ட்டில் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார், எழுந்து போனால் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் கழிவறைக்குக்கூட ஒழுங்காகப் போகவில்லை. குறை சொல்லவில்லை. “ஒரு பொண்ணு ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போச்சு, நல்ல பொண்ணு” என்றுதான் சொன்னார். காரில் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்தேன். மகள் அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மா, “நீதான் டிக்கெட் போட்டேன்னு பெரியவன் சொன்னான். சின்னவன் உன்னக் கூட்டிட்டுப் போறான்மான்னு அத்தன சந்தோஷம் அவனுக்கு” என்றார். தன் மைலைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிக்கெட்டை அவரே போட்டிருந்தாலும் அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்பது எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் புரிந்தது. அம்மாவின் தட்டைப் பார்த்துக்கொண்டு, “அண்ணன் மைலும்தாம்மா” என்றேன். “ரெண்டு பேரும்னா இன்னும் நல்லது” என்றார் அம்மா.

மறுநாள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஏன் மாற்றச் சொன்னேன் என்பதையும் சேர்த்து. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா கால் இப்ப எப்படிடா இருக்கு?” என்று கேட்டார்.

அம்மா அடுத்தமுறை வந்தபோது வருகைக்கான டிக்கெட்டை அண்ணன் போட்டார், திரும்புவதை நான் போட்டேன். இரண்டும் தனித்தனி முன்பதிவு என்பதால் வீல்சேரையும் இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். குடியேற்ற அதிகாரி திரும்பும் டிக்கெட்டைக் கேட்டால் காட்ட, அதன் அச்சுப் பிரதி அம்மாவின் கைப்பையில் இருக்க வேண்டும். அண்ணன் இதை இரண்டுமுறை போன் செய்து ஞாபகப்படுத்தினார். இரண்டுமுறையும் “சரிண்ணே” என்றேன்.