மண்ணுக்குள் வைத்த அமானிதம்



ஒருவர் மண்ணில் புதைத்த பொருளை இன்னொருவர் கண்டெடுத்தால் அது யாருக்குச் சொந்தம்? மத்ரஸாவில் இந்தப் பாடத்தைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். அதன் கனதி எனக்கு விளங்கியதோ சென்ற வருடம், இங்கிலாந்தில் உழுது போட்ட ஒரு வயலின் ஓரத்தில்தான்.

லண்டனில் வசிக்கும் என் தங்கச்சி குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மச்சானின் நண்பர் ஒருவர் யோர்க்ஷயரில் பிரட்ஃபோர்ட் நகரில் இருக்கிறார். அவர் வீட்டில் இரண்டு நாள் விருந்து. இரண்டாம் நாள் ஹரோகேட் பக்கமாக எங்களைக் காரில் அழைத்துச் சென்றார்கள். ஒக்டோபர் மாதம். அறுவடை முடிந்து உழுத வயல்கள் இரு புறமும் கறுப்பாகக் கிடந்தன. ஓரிடத்தில் காரை நிறுத்தி இறங்கியபோது, வயலின் நடுவே ஒரு மனிதர் காதில் ஒலிகேட்பானை மாட்டிக்கொண்டு, நீண்ட தடியின் நுனியிலிருந்த வட்டத் தட்டை நிலத்தோடு ஒட்டியவாறு இடமும் வலமும் அசைத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார்.

என் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. "அங்கே மிதிவெடி இருக்கிறதா?" என்று மச்சானிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் 2009க்குப் பிறகு மன்னாருக்குத் திரும்பிய எவருக்கும் அந்தக் கேள்விதான் வந்திருக்கும். அதே கருவியோடு மிதிவெடி அகற்றுவோர் மண்டியிட்டு வேலை செய்ததையே நாம் பார்த்திருக்கிறோம்.

"இல்லை மச்சான், இவர் பழைய சாமான் தேடுகிறார். இங்கே இது ஒரு பொழுதுபோக்கு" என்றார்.

கருவி சொல்லும் சேதி

அந்தத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் திசை மாறி மாறி ஓடும்போது காந்தப் புலம் ஒன்று நிலத்துக்குள் இறங்குகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள்ளும் சிறு மின்னோட்டம் உண்டாகி, பதிலுக்கு ஒரு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதுவே காதில் ஒலியாகக் கேட்கிறது. ஒரு நாணயமென்றால் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரை கண்டுபிடிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் மிதிவெடி தேடுவதற்காகப் போலந்து நாட்டு அதிகாரி ஒருவர் வடிவமைத்த கருவியை 1942இல் எல் அலமைன் போர்க்களத்தில் பயன்படுத்தினார்கள். பிற்காலத்தில் இத்தகைய கருவிகள் வயலுக்கும் கடற்கரைக்கும் வந்தன.

மனிதர் எங்கள் அருகில் வந்தார். காலையிலிருந்து கிடைத்ததைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். துருப்பிடித்த ஆணிகள் ஆறேழு, போத்தல் மூடி இரண்டு, பழைய சட்டைப் பொத்தான் ஒன்று. "வயல்காரரிடம் அனுமதி வாங்கித்தான் இறங்குகிறேன். நல்லதொன்று கிடைத்தால் அவருக்கும் பங்குண்டு" என்றார். பின்னர் கையை நீட்டி, "இந்தப் பக்கத்தில்தான் 2007இல் அந்தக் கோப்பை கிடைத்தது. லண்டன் நூதனசாலையில் போய்ப் பாருங்கள். உங்களுக்கு விருப்பமானது அதில் இருக்கிறது" என்றார். என் தாடியையும் தொப்பியையும் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

யோர்க்ஷயரில் ஒரு கலிமா

லண்டனுக்குத் திரும்பியதும் தங்கச்சியின் மகளை அழைத்துக்கொண்டு பிரிட்டிஷ் நூதனசாலைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கோப்பை இருந்தது. பொன்முலாம் பூசிய வெள்ளி. சுற்றிவரக் கொடியும் இலையும், ஓடும் மிருகங்களும். ஒன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பிராங்கிய நாட்டில் செய்யப்பட்டது. 2007 ஜனவரியில் ஹரோகேட் அருகே ஒரு தந்தையும் மகனும் உலோகங்காணும் கருவியால் கண்டெடுத்தார்கள். கோப்பைக்குள் 617 வெள்ளி நாணயங்கள், ஒரு பொற்காப்பு, வெள்ளிக் கட்டிகள், துண்டுகள். ஈயத்தால் மூடிப் புதைத்திருந்ததால் ஆயிரம் வருடங்களுக்கு மேலாகியும் கெடாமல் இருந்தன.

அந்த நாணயங்களிடையே சமர்க்கந்தில் அச்சிட்ட திர்ஹங்களும் இருந்தன. அக்காலத்துச் சாமானிய ஆட்சியாளர்களின் வெள்ளி நாணயங்களில் ஒரு பக்கம் லா இலாஹ இல்லல்லாஹ் என்றும், மறு பக்கம் முஹம்மதுர் ரஸூலுல்லாஹ் என்றும் கூபி எழுத்தில் பொறித்திருப்பார்கள். யோர்க்ஷயர் மண்ணுக்குள் கலிமா! எப்படிப் போனது? வைக்கிங் வணிகர்கள் வொல்கா நதி வழியாக மிருகத் தோலும் அடிமைகளும் கொண்டுபோய் விற்று, முஸ்லிம் நாடுகளின் வெள்ளியைக் கொண்டுவந்தார்கள். 922இல் பக்தாத் கலீபாவின் தூதுக் குழுவில் சென்ற இப்னு பள்லான் அந்த வணிகர்களை வொல்காக் கரையில் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். கணவனிடம் பத்தாயிரம் திர்ஹம் சேர்ந்தால் மனைவியின் கழுத்தில் ஒரு வளையம் ஏறுமாம். இன்னும் பத்தாயிரம் சேர்ந்தால் இன்னொன்று. நகையால் கணவனின் கையிருப்பை அளக்கும் வழக்கம் நமது கலியாண வீடுகளில் தொடங்கியதல்ல என்பதைக் கவனித்துக் கொள்ளுங்கள்.

அந்தச் செல்வத்தை ஏன் புதைத்தார்கள்? 927இல் அதெல்ஸ்தான் மன்னர் யோர்க்கைப் பிடித்து, பிரித்தானியா முழுவதற்கும் அரசன் என்று தன் நாணயத்தில் எழுதினார். அப்படியொரு நாணயமும் கோப்பைக்குள் இருந்தது. ஆகவே அந்தக் குழப்ப நாட்களில், ஆட்சி கைமாறியபோது, யாரோ ஒரு வைக்கிங் செல்வந்தர் புதைத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புதைத்தவர் திரும்பி வரவேயில்லை.

மருமகள் கேட்டாள்: "மாமா, அப்ப இது உண்மையில யார்ட சாமான்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் கண்ணுக்குள் ஒரு பித்தளைச் சருவம் வந்து நின்றது.

உம்மம்மாவின் சருவம்

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. மன்னார் மாவட்டத்தில் எங்கள் கிராமம். கையில் எடுத்ததைத் தவிர மற்றதெல்லாம் கிடந்தபடி கிடக்க வேண்டும் என்ற நிலை. இரவோடிரவாக உம்மம்மா தன் கலியாணத்துக்கு வந்த பித்தளைச் சருவத்தில், அவர் உம்மாவின் வெள்ளித் தண்டை இரண்டையும் இன்னும் சில சாமான்களையும் வைத்து, சாக்கால் இறுக்கிச் சுற்றி, கிணற்றடி வேம்புக்குப் பக்கத்தில் புதைத்தார். லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். "நாலு நாளைக்குள்ள வந்திருவோம் வாப்பா, ஒருத்தருக்கும் சொல்லாதே" என்றார்.

படகேறிக் கற்பிட்டியில் இறங்கினோம். நாலு நாள் பத்தொன்பது வருடமானது. உம்மம்மா புத்தளத்து அகதி முகாமிலேயே மௌத்தானார். நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது வீடு இல்லை, வேம்பு இல்லை, கிணறும் தூர்ந்து காடாகியிருந்தது. பத்து வயதுப் பிள்ளையின் ஞாபகத்தை வைத்து எங்கே தோண்டுவது? மூன்று இடத்தில் தோண்டிவிட்டு வாப்பா மண்வெட்டியை வைத்துவிட்டார். அது இன்னும் அங்கேயே இருக்கலாம். யாராவது எடுத்தும் இருக்கலாம்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் கண்டது புதையலை அல்ல, சகோதரிகளே. திரும்பி வருவோம் என்று நினைத்த ஒருவரின் சருவத்தையே கண்டேன்.

கண்டெடுத்தவர் கடமை

ஹரோகேட்டில் கண்டெடுத்த தந்தையும் மகனும் ஒரு நல்ல வேலை செய்தார்கள். கோப்பைக்குள் கிடந்ததைக் கிளறாமல், மண்ணோடு அப்படியே அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அதனால்தான் அதன் கதை முழுமையாகத் தெரிந்தது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, கண்டெடுத்தவர் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அங்கே புதையலையும் விசாரிப்பவர் மரண விசாரணை அதிகாரியே! இந்தக் கோப்பைக்கும் அதனுள் இருந்தவற்றுக்கும் 10 இலட்சத்து 82 ஆயிரம் ஸ்ரேலிங் பவுண் பெறுமதி கணித்து, நூதனசாலைகள் வாங்கிக்கொண்டன. கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பணம் பங்கிடப்பட்டது.

இதற்கு மாறாகவும் நடந்தது. 2015இல் ஹியர்ஃபோர்ட்ஷயரில் இருவர் ஏறக்குறைய 300 பழைய நாணயங்களும் நகைகளும் கண்டெடுத்து, வயல்காரருக்கும் அரசாங்கத்துக்கும் மறைத்துக் கள்ளமாக விற்றார்கள். 2019இல் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அப்போது திரும்பக் கிடைத்திருந்த நாணயங்கள் 31 மட்டுமே. மற்றவற்றோடு ஒரு காலத்தின் சரித்திரமும் போய்விட்டது.

நமது ஷாபிஈ பிக்ஹு நூல்கள் இதை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கின்றன தெரியுமா? இஸ்லாத்துக்கு முற்பட்டோர் புதைத்த பொன், வெள்ளி ரிகாஸ் எனப்படும்; அதில் ஐந்திலொன்று ஸகாத்துக்குரியது. பிறருடைய காணியில் கிடைத்தால் காணிக்காரரின் உரிமையே முந்தும். ஆனால் அப்பொருளில் இஸ்லாமிய அடையாளம் இருந்தால், அது ஒரு முஸ்லிம் இழந்த சொத்தாகக் கருதப்படும். உரியவர் தெரிந்தால் அவருக்கே. தெரியாவிட்டால் கண்டெடுத்தவர் ஒரு வருடம் அறிவித்துத் தேட வேண்டும். கண்டெடுப்பது கையில் வந்த அதிர்ஷ்டமல்ல, கையில் வந்த பொறுப்பு என்பதே இதன் சாரம்.

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றித் தொல்பொருளுக்காகத் தோண்டுவது குற்றம். அதையும் மீறி, சூனியக்காரர் சொல்லைக் கேட்டுப் பழைய இடங்களை உடைத்துப் புதையல் தேடுவோர் இருக்கிறார்கள். அது சட்டத்துக்கும் மார்க்கத்துக்கும் விரோதம். உங்கள் வீட்டு ஆண்கள், பிள்ளைகள் யாரையும் அதில் சேர விடாதீர்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஹிஜ்ரத்துக்குப் புறப்பட்ட இரவில், உயிருக்கே ஆபத்தான வேளையிலும், நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம்மிடமிருந்த அமானிதங்களை உரியவர்களிடம் கொடுக்க அலி ரழியல்லாஹு அன்ஹு அவர்களை மக்காவில் நிறுத்திவிட்டே சென்றார்கள். அமானிதம் தெரிந்த ஒருவர் பின்னால் இருக்க வேண்டும். உங்கள் நகை எங்கே, யாரிடம் கடன், யார் உங்களிடம் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை இன்றே ஒரு கொப்பியில் எழுதி, நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். வஸிய்யத்தை எழுதாமல் இரண்டு இரவு கழிக்கலாகாது என்பது நபிமொழி காட்டும் வழி.

மருமகளுக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "இது ஆற்றையோ உம்மம்மாட சாமான் மகள். வந்து கேட்க அவ இல்லை. அதால, பார்க்கிறவங்க எல்லாரும் பத்திரமா வைச்சிருக்கணும்."