அழிக்குமுன் விசாரியுங்கள்

‘சர்வரைக் கண்டறிய இயலவில்லை’ என்று கணினி அறிவித்தால், பதிவுகளே போய்விட்டன என்று நம்மில் பலர் பொருள் கொள்கிறோம். வீடு இல்லை என்பதும் வீட்டுக்கு வழி தெரியவில்லை என்பதும் ஒன்றாகுமா?

சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவின் பன்னிரண்டு ஆண்டுப் பதிவுகளைக் காத்தது இந்த வேறுபாடே. மாணவர் விவரம், மதிப்பெண்கள், தந்தையை இழந்த பிள்ளைகளுக்கான உதவித்தொகைக் கணக்கு ஆகிய யாவும் அலுவலகக் கணினியில், எஸ்.கியூ.எல். சர்வர் என்னும் தரவுத்தளத்தில் இருந்தன. ஒரு நாள் அடுத்த அறைக் கணினியிலிருந்து அதனை அடைய இயலவில்லை. பழுது பார்க்க வந்த இளைஞர், “ஹஜ்ரத், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாம்” என்றார்.

“தம்பி, பதிவுகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்போம்” என்றேன். அலுவலகக் கணினியிலேயே திறந்து பார்த்தோம், அனைத்தும் இருந்தன. உடனே பிரதி எடுத்துக்கொண்டோம். குறை வழியில்தான் என்பது தெளிவாயிற்று.

எஸ்.கியூ.எல். சர்வரின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், ஒரே கணினியில் பல சர்வர்களைத் தனித்தனிப் பெயரிட்டு இயக்கலாம். ஒரே கட்டடத்தில் பல குடித்தனங்கள் இருப்பது போல. பெயரிடாத முதன்மைச் சர்வருக்கு வழக்கமான கதவு எண் 1433. பெயரிட்டதற்கோ, நாம் குறித்து வைத்தாலன்றி நிலையான எண் இல்லை. ‘சர்வர் பிரவுசர்’ என்னும் காவலாளிதான் யு.டி.பி. 1434 என்ற வாயிலில் அமர்ந்து, பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்கிறார். ஆகவே 1433ஐ மட்டும் திறந்து வைத்துக் காத்திருப்பது வீண்.

ஆராயும் முறை இதுதான். சர்வர் இயங்குகிறதா? கணினிப் பெயரும், பின்சாய்கோடும், சர்வர் பெயரும் பிழையின்றி உள்ளனவா? டி.சி.பி. இணைப்பு அனுமதிக்கப்பட்டுள்ளதா? அதனை மாற்றினால் சர்வரை மறுபடி இயக்க வேண்டும். காவலாளி விழித்திருக்கிறாரா? ஃபயர்வால் வழியை அடைக்கிறதா? எங்கள் குறை நான்காம் படியில் அகப்பட்டது. நின்றுபோயிருந்த பிரவுசரை இயக்கியதும் இணைப்புக் கிடைத்தது. ‘லாகின் தோல்வி’ என்று வந்தாலோ வாசலை அடைந்தாயிற்று, சாவிதான் பொருந்தவில்லை.

ஃபயர்வாலையே நீக்கிவிடுவோம் என்பாரும் உண்டு. 2003 ஜனவரி 25 அன்று ‘ஸ்லாமர்’ என்னும் தீநிரல் இதே 1434 வழியே புகுந்து, உலகெங்கும் சுமார் 75,000 கணினிகளைப் பற்றியது; அவற்றுள் பெரும்பாலானவை பத்தே நிமிடங்களில் வீழ்ந்தன. அக்குறைக்கான திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளிவந்திருந்தது! ஆதலால் நம் அலுவலகக் கணினிகளுக்கு மட்டும் வழி விடுவதே முறை. நிலையான எண் ஒன்றைக் குறித்து, கணினிப் பெயருக்குப்பின் காற்புள்ளியிட்டு அந்த எண்ணை எழுதினால் காவலாளியின் துணையும் வேண்டுவதில்லை.

உங்கள் கடையிலோ பள்ளியிலோ எவரேனும் “அழித்துவிடலாம்” என்றால், “எந்தப் படி வரை பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். பிரதி கைக்கு வரும்வரை எதையும் அழிக்க இசையாதீர்கள்.