வடகடலுக்கு ஓர் ஆயத்தம்

கடற்கரையில் பிறந்தவர்க்குக் கடல் அண்டை வீடு போன்றது. உள்நாட்டில் பிறந்தவர்க்கோ அது கேள்விச் செல்வம் மட்டுமே. நான் பிறந்து வளர்ந்த நாமக்கல் உள்நாட்டு ஊர். ஒரே பாறையாய் எழுந்து நிற்கும் கோட்டை மலையின் உச்சியில் நின்று நோக்கினால் ஒரு பக்கம் கொல்லிமலைத் தொடர் தெரியும், மற்றொரு பக்கம் மோகனூரை நோக்கிச் செல்லும் வயல்வெளி தெரியும், கடல் தெரியாது. எத்திசையில் சென்றாலும் 150 கிலோமீட்டருக்கு மேல் கடந்தால்தான் அலையோசை காதில் விழும்.

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு 33 ஆண்டுகள் மாணாக்கர்க்கு நெய்தல் திணையைக் கற்பித்தேன். நிகண்டில் கடலுக்குரிய பெயர்களை இளமையிலேயே நெட்டுருச் செய்திருந்தேன். திமில், அம்பி, மீகாமன் என்னும் சொற்களெல்லாம் என் நாவில் தடையின்றி வரும். ஆனால் திமிலில் ஏறியவனல்லன். மீகாமன் ஒருவனோடு உரையாடியவனுமல்லன். இக்குறை எனக்குக் குறையாகத் தோன்றாத காலமும் ஒன்று உண்டு.

1994ஆம் ஆண்டு, நாமக்கல் அப்பொழுது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் நெய்தல் நிலத்து மக்களின் வாழ்க்கையை விரித்துரைத்துக் கொண்டிருந்தேன். முழுநிலவு பால்போல் பொழிய, அவ்வொளியில் பரதவர் மகிழ்ந்து வலைவீசி மிகுதியாக மீன் கொள்வர் என்று என் கற்பனையையும் கலந்து கூறினேன். அப்பொழுது கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அவன் பூம்புகாரை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து வந்து, தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்தவன். “ஐயா, நிலவு காயும் இரவில் வலையில் மீன் குறைவாகத்தான் விழும். அமாவாசையை ஒட்டித்தான் எங்கள் ஊரில் மிகுதியாகக் கிடைக்கும்” என்றான்.

“கடலை எனக்குக் கற்பிக்க வந்தாயோ? உட்கார்” என்றேன். வகுப்பு நகைத்தது. அவன் தலை கவிழ்ந்து அமர்ந்தான். பாடம் தொடர்ந்தது. எனினும், அவன் தலை கவிழ்ந்த அக்காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. வருந்துகிறேன் என்று மறுநாளே சொல்லியிருக்கலாம். ஆசிரியன் என்னும் பெருமிதம் என் வாயை அடைத்துவிட்டது.

அம்மாணவன் பின்னர்த் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பயின்றான். இப்பொழுது நார்வே நாட்டின் வடகோடியில் உள்ள டிராம்சோ நகரில் மீன்வள ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கிறான். சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, ஓய்வு பெற்றுவிட்டீர்களே, ஒருமுறை இங்கு வாருங்கள். வடகடலில் தூண்டில் போட அழைத்துச் செல்கிறேன்” என்றான். அவன் அழைப்பில் பழைய கசப்பின் சாயல் சிறிதும் இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது. “வருகிறேன், தம்பி” என்று உடனே விடை கூறினேன். அருகிலிருந்த என் இல்லத்தரசி, “அறுபத்தாறு வயதில் பனிக்கடலா?” என்று வியந்தார்.

அன்றுமுதல் எங்கள் ஆயத்தம் தொடங்கிற்று. செல்லும் காலத்தை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. “உங்களுக்கு ஒளி வேண்டுமா, மீன் வேண்டுமா?” என்று அவன் வினவினான். நாமக்கல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் உள்ளது. நாங்கள் செல்லக் கருதிய லோபோட்டன் தீவுகளோ 68 பாகையில் உள்ளன. அங்கே சூன் மாதத்தில் கதிரவன் நள்ளிரவிலும் மறைவதில்லை. திசம்பரில் சில வாரங்கள் எழுவதே இல்லை. கோடையில் சென்றால் கடல் அமைதியாக இருக்கும், ஒளியும் குறையாது. ஆயினும், அக்கடலின் பெருஞ்செல்வமாகிய காட் மீன் சனவரி முதல் ஏப்பிரல் வரையில்தான் அங்குத் திரண்டு வரும். வடக்கே பாரன்ட்ஸ் கடலில் வளர்ந்த மீன்கள் பல நூறு கிலோமீட்டர் நீந்தி, முட்டையிடுவதற்காக இத்தீவுகளை அடைகின்றன. அவ்வாறு வரும் மீனுக்கு அந்நாட்டார் இட்ட பெயர், அலைந்து திரிபவன் என்னும் பொருளுடையது. பகலும் இரவும் ஒத்திருக்கும் மார்ச்சு மாதக் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

அடுத்து உடையைப் பற்றிப் பேசினோம். வேட்டியும் மேல்துண்டுமாய் வாழ்ந்தவன் நான். வடகடலில் பருத்தி உடை பகை என்று அறிந்தேன். நனைந்த பருத்தி உடலின் வெப்பத்தை விரைந்து இழக்கச் செய்யும். உள்ளே கம்பளி, அதன்மேல் மற்றொரு கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாததும் மிதக்க வல்லதுமாகிய முழு உடை என மூன்றடுக்கு வேண்டுமாம். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். “ஐயா, அந்த நீரில் தவறி விழுந்தவர்க்கு முதல் நிமிடம் மூச்சுத் திணறும். 10 நிமிடங்களில் கைகால் மரத்துப் போகும். சுமார் ஒரு மணி நேரத்தில் உணர்வு தவறும். நீச்சல் அறிந்தவனையும் குளிர் விடாது” என்றான். காவிரியில் நீந்திப் பழகிய என் செருக்கு அக்கணமே அடங்கிற்று.

மூன்றாவதாக, வழிகாட்டி ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. லோபோட்டன் தீவுத் தொடரின் தென்முனையில் மொஸ்கென் என்னும் நீரோட்டம் உள்ளது. கடலின் ஏற்றவற்றங்களுக்கு ஏற்பச் சுழித்தோடும் இதனை வைத்து எட்கர் ஆலன் போ என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1841இல் ஒரு கதை எழுதினார். இத்தகைய நீரில், ஊரார் துணையின்றிப் படகு செலுத்துவது அறிவுடைமை ஆகாது. ஆதலின், தீவிலேயே பிறந்து அத்தொழிலிலேயே முதிர்ந்த படகோட்டி ஒருவரை அமர்த்தினான். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: கடலுக்குச் செல்வதா, கரையில் இருப்பதா என்பதை அன்று காலையில் அவர் ஒருவரே முடிவு செய்வார், அதை மறுத்துப் பேசுதல் கூடாது. அந்நாட்டுச் சட்டத்தையும் அவர் எடுத்துரைத்தாராம். வெளிநாட்டார் கையால் பிடிக்கும் தூண்டில் கொண்டே மீன் பிடிக்கலாம். பிடித்ததை விற்றல் ஆகாது. விதித்த அளவுக்குக் குறைந்த காட் மீன் உயிரோடு இருந்தால் அதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். இன்றைய குஞ்சே நாளைய செல்வம் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

எங்களோடு வருவதற்கு மற்றொருவரும் இசைந்திருக்கிறார். அவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். 1983ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின் தாய்நாட்டை விட்டு நீங்கி, நார்வேயின் பின்மார்க் பகுதியில் மீன் பதப்படுத்தும் ஆலையில் பணிபுரிந்தவர். அவரைப் போலத் தமிழர் பலர் அக்காலத்தில் அவ்வடகோடி ஊர்களின் ஆலைகளில் உழைத்தனர். வெயிலில் வளர்ந்த கைகள் பனியில் மீன் அறுத்துக் குடும்பங்களைக் காத்தன. அவர்களுக்கும் முன்னரே, 1956ஆம் ஆண்டில், குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம் என்பவர் நார்வேக்குச் சென்று மீன்பிடிக்கலை பயின்றார். பின்னர் அந்நாட்டாரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் மீனவர்க்குரிய தொழிலகத்தை உருவாக்கினார். நம் நாட்டுக்கும் அத்தொடர்பு உண்டு. 1952இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நார்வே நாட்டு வல்லுநர் கேரளக் கரையில் நீண்டகரை என்னும் ஊருக்கு வந்து இயந்திரப் படகுகளைப் பழக்கினர். வடகடலும் நம் கடலும் முன்னமே ஒன்றையொன்று அறிந்தவை, அறியாதிருந்தவன் நானே.

எல்லாம் ஒருவாறு முடிந்தபின், “ஐயா, இன்னும் ஒன்று உண்டு. முதலில் எங்கள் ஊர்க் கடலில் ஒருநாள் சென்று பழகிக்கொள்ளுங்கள். அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்” என்றான் மாணவன்.

அவ்வாறே மோகனூரில் காவிரியை வணங்கிப் புறப்பட்டேன். அவ்வாறு செல்லும் வழியைத் தொடர்ந்து சென்று, அது கடலோடு கலக்கும் பூம்புகாரை அடைந்தேன். குப்பத்தில் அவன் தந்தையார் என்னை வரவேற்றார். விடியுமுன் அவருடைய சிறு படகில் ஏறினோம். கரை கண்ணுக்கு மறைந்த சிறிது நேரத்தில் என் தலை சுழன்றது, வயிறு குமட்டிற்று, படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு குழந்தைபோல் கிடந்தேன். கடலைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றேனும் அப்பொழுது எனக்குத் துணைவரவில்லை. “ஐயா, அலையைப் பார்க்காதீர்கள், அதோ, வானும் கடலும் கூடும் கோட்டைப் பாருங்கள்” என்று அவர் அன்புடன் கூறினார். பார்த்தேன். மெல்ல மெல்லத் தலை நின்றது.

வலையை இழுக்கும்பொழுது, 30 ஆண்டுகளுக்கும் மேலாக என்னை உறுத்தி வந்த வினாவைக் கேட்டேன்: “நிலவு காலத்தில் மீன் கிடைக்குமா?”

“பெரும்பாலும் கை வெறுமைதான், ஐயா. நிலவொளியில் வலையின் நூல் மின்னும். மீனுக்குக் கண் இருக்கிறதே, விலகிப் போய்விடும்” என்றார் அவர். சற்றுப் பொறுத்து, “என் மகன் படிக்கும் காலத்தில் விடுமுறைக்கு வந்தபோது சொல்வான்: எங்கள் தமிழ் ஐயாவுக்கு எல்லாம் தெரியும், இந்த ஒன்றுதான் தெரியாது என்பான்” என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அன்று வகுப்பில் நடந்ததை முழுதும் அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வலையை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, “கரைக்குப் போனதும் அவனிடமே சொல்லிவிடுங்கள், ஐயா” என்றார்.

மணலில் அமர்ந்து தொலைபேசியில் அவனை அழைத்தேன். “தம்பி, அன்று நீ சொன்னதே சரி. உன்னை உட்காரச் செய்தது என் பிழை” என்றேன். மறுமுனையில் நெடுநேரம் ஓசை இல்லை. “அதை நான் மறந்துவிட்டேன், ஐயா” என்றான். அவன் மறக்கவில்லை என்பதைக் குரலே காட்டிற்று. பின்னர், “உங்கள் காலணியின் அளவைச் சொல்லுங்கள், கம்பளி உறைக்கு இடம்விட்டு ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும்” என்றான்.

மாணவர்களே! வரும் மார்ச்சில் நான் வடகடலுக்குச் செல்லக்கூடும். அன்று காலையில் காற்று மிகுந்தால், படகோட்டி வேண்டாம் என்று கையசைக்க, கரையில் மரச்சட்டங்களில் உப்பின்றித் தொங்கவிட்டு, குளிர்காற்றில் உலரும் காட் மீனை மட்டும் கண்டு திரும்பவும் கூடும். அதற்கும் என் மனம் ஆயத்தமாயிருக்கிறது. கடலை அறிந்தவர் போகாதே என்றால் நிற்பதும், பார் என்றால் பார்ப்பதும் கற்றுக்கொண்டேன். நும் வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து தான் அறிந்ததைக் கூறினால், அவனைக் கண்டு நகையாதீர்கள். அவன் பிறந்த மண்ணோ நீரோ அவனுக்குக் கற்பித்த பாடம் அது. அப்பாடத்தைக் கேட்டுக்கொள்ள ஆசிரியர்க்கும் நாணம் வேண்டுவதில்லை. இதனை நான் ஒன்பதாம் வகுப்பில் கற்றிருக்க வேண்டும். அறுபத்தாறாம் வயதில் கற்றேன்.