எறும்பு சொன்ன சேதி
பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

காவிரியும் கொள்ளிடமும் மாலையெனச் சூழ்ந்த தீவு திருவரங்கம். அதன் கிழக்கே, வாழைத் தோட்டங்கள் நிறைந்த திருவளர்ச்சோலையில் என் அப்பாயி வீடு உள்ளது. விடுமுறை விட்டதும் திருச்சியிலிருந்து அங்கே ஓடிவிடுவேன்.

அடுத்த வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாதவர். ஆயினும் அவரைக் கேட்காமல் அக்கம்பக்கத்தார் நெல்லைக் காயப்போட மாட்டார்கள். எறும்பு முட்டையோடு மேடேறினால் மழை என்பார். தட்டான் தாழப் பறந்தாலும், அந்தியில் ஈசல் கிளம்பினாலும், நிலவு கோட்டை கட்டினாலும் மழைதானாம்! “எங்கள் அறிவியல் புத்தகத்தில் இதெல்லாம் இல்லையே” என்று நான் கேலி செய்வேன்.

சென்ற காலாண்டு விடுமுறையில் தாத்தாவின் கண்களில் புரை விழுந்திருந்தது. முற்றத்தில் வாழை நார் காய்ந்துகொண்டிருந்தது. திருவரங்கத்தில் பூக்கட்டுவோருக்கு அதை விற்றுத்தான் அவர் பிழைப்பு.

“பாப்பா, செவத்தோரம் எறும்பு எந்தப் பக்கம் போவுது? பார்த்துச் சொல்லு” என்றார்.

கதைப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே, “எறும்பே இல்லை, தாத்தா” என்றேன்.

அன்றிரவு கொட்டிய மழையில் நாரெல்லாம் நனைந்து கறுத்துவிட்டது. விடிந்ததும் சுவரைப் பார்த்தேன். உச்சியில், வெள்ளை முட்டைகளோடு எறும்புக் கூட்டம்! அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

தாத்தா கடிந்துகொள்ளவில்லை. “எறும்பும் எல்லாத்தையும் சொல்லிடாது, பாப்பா. நம்ம ஊர் எறும்புக்குக் குடகு மழை தெரியுமா? அதனாலதான் நான் ஆத்துத் தண்ணி நிறத்தையும் பார்ப்பேன். தப்பாச் சொன்னாப் பரவாயில்லை. பார்க்காமச் சொல்லாதே” என்றார்.

அவர் சொன்னது மெய். 2018 ஆகஸ்டில் குடகிலும் வயநாட்டிலும் பெய்த பெருமழையே கொள்ளிடத்தில் வெள்ளமாய் வந்தது. ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்தன.

பள்ளி திறந்ததும் அறிவியல் சிஸ்டரிடம் நிலவின் கோட்டையைப் பற்றிக் கேட்டேன். மிக உயரத்து மெல்லிய மேகங்களிலுள்ள பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால் அவ்வட்டம் தோன்றுகிறதாம். மழைக்கு முன்னே அத்தகைய மேகங்கள் வருவதுண்டாம். நான் நகைத்த பாடத்திலும் அறிவியல் இருந்திருக்கிறது!

தோழியரே, இப்போது விடுமுறைகளில் தாத்தாவுக்கு நானே கண். அவர் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போகிறேன். பார்த்த பிறகே பதில் சொல்கிறேன்.