செய்தி சொன்ன ஊர்கள்

தாதர் புகைவண்டி நிலையத்தில் விசாரணைச் சன்னலின் பின்னே அமர்ந்து, வருவோர்க்கு வண்டிகளின் வரவும் போக்கும் கூறுவது என் தொழில். இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் நாள்தோறும் நூற்றுக்கணக்கானவருக்கு விடை சொல்லுகிறேன். இவ்வாறு ஊரார்க்கெல்லாம் செய்தி சொல்லும் நான், என்னைப் பெற்ற தந்தைக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தியைச் சொல்லத் தவறினேன். அத்தவறே என்னை இப்பயணத்திற்கு அனுப்பியது. ஆகவே அதனை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் கண்டமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூர் என் சொந்த ஊர். தந்தையார் இரண்டு ஏக்கரில் சம்பா நெல் பயிரிடுகிறார். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் வயலும் ஏரிபோல் ஆயிற்று. தாராவியில் எங்கள் அறையிலிருந்து தொலைபேசியில் கேட்டேன்: “பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டினீர்களா அப்பா?”

“கடைசி நாள் எதுவென்று எவரும் சொல்லவில்லையே, தம்பி” என்றார்.

அந்த நாள் எனக்குத் தெரியும். சில வாரங்களுக்கு முன் வேலைக்கு நடுவே கைத்தொலைபேசியில் அந்த அறிவிப்பைப் படித்தேன். இரவு வீட்டிற்குப் போய்ச் சொல்லலாம் என்று எண்ணினேன், மறந்தேன். 2016இல் தொடங்கிய அக்காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு உழவர் கட்ட வேண்டியது, காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்தான். குடும்பத்தோடு ஒரு திரைப்படம் பார்த்து வரும் செலவே ஆகும். அந்தச் சிறு தொகை கட்டப்படாமையால் ஒரு போகம் முழுவதும் கைவிட்டுப் போயிற்று. தந்தையார் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அவர் கடிந்திருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

இதனை மாதுங்காவில் ஒரு பெரியவரிடம் சொல்லி வருந்தினேன். அவர், “வில்லியனூர் உன் ஊருக்குப் பக்கந்தானே? செய்தி சொல்வதற்கென்றே அங்கே நிலையம் வைத்தார்களே, நீ பார்த்ததில்லையா?” என்று கேட்டார். நான் வெட்கத்துடன் தலையசைத்தேன். அந்நிலையங்கள் தோன்றியபோது நான் பள்ளிச் சிறுவன். பக்கத்து ஊருக்கு ஏதோ கணிப்பொறி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி. அடுத்த விடுமுறையில் அவ்வூர்களைக் காண்பது என்று உறுதி செய்துகொண்டேன்.

வில்லியனூர்

2025 தை மாதத்தில் தாதரிலிருந்து சாளுக்கியா விரைவு வண்டியில் ஏறினேன். இரவில் புறப்பட்டால், இடையே ஒரு பகல் முழுதும் கருநாடகத்துக் கரிசல் நிலங்களைக் கண்டுகொண்டே போகலாம். மறுநாள் விடியும் வேளையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் கண்ணில் படத் தொடங்கும். திருவண்ணாமலையும் விழுப்புரமும் கடந்து, காலை இளவெயிலில் புதுச்சேரியை அடைந்தேன்.

வில்லியனூர் சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள பழைய ஊர். திருக்காமீசுவரர் கோயிலின் கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். இப்பகுதியில் பயணம் செய்வது ஒரு வேடிக்கை. அரை மணி நேரத்தில் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்கும், புதுச்சேரியிலிருந்து மீண்டும் தமிழ்நாட்டுக்கும் எல்லை மாறிவிடும். வயலுக்கும் மழைக்கும் அவ்வெல்லை தெரியாது.

சென்னையில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998ஆம் ஆண்டு சனவரியில் இவ்வட்டாரத்தில்தான் தன் அறிவு மையங்களைத் தொடங்கியது. அதனை நிறுவிய வேளாண் அறிஞர் சுவாமிநாதன் 1925இல் கும்பகோணத்தில் பிறந்து 2023இல் மறைந்தவர். இம்முயற்சிக்குக் கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் பொருளுதவி செய்தது. வில்லியனூரில் தலைமை நிலையம். சுற்றுப்புறச் சிற்றூர்களில் கிளை நிலையங்கள். அக்காலத்தில் சிற்றூர்களில் தொலைபேசி அரிது. ஆகவே கம்பம் நட்டு, வானலைக் கருவிகளைக் கொண்டு செய்தி அனுப்பினார்கள். மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும். அதற்காகக் கூரைமேல் சூரிய ஒளித் தகடுகளைப் பொருத்தினார்கள்.

கருவிகளைக் காட்டிலும் அவர்கள் வகுத்த முறையே என் உள்ளத்தைக் கவர்ந்தது. முதலில் ஊர் ஊராகச் சென்று, “உங்களுக்கு எச்செய்தி வேண்டும்?” என்று மக்களையே கேட்டார்கள். நெல் விலை, விதையும் உரமும் கிடைக்கும் இடம், கால்நடை மருத்துவர், பேருந்து நேரம், தேர்வு முடிவு, அரசு உதவிகளைப் பெறும் வழி என்று மக்கள் கூறினார்கள். அவற்றையே திரட்டித் தமிழில் கொடுத்தார்கள். நிலையத்துக்கு இடம் தருவது ஊராரின் பொறுப்பு. கருவியும் பயிற்சியும் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. நிலையத்தை நடத்தியவர்கள் உள்ளூர்த் தொண்டர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். சாதி பாராமல் எல்லோரும் வந்துபோகும் இடமாக நிலையம் இருக்க வேண்டும் என்பது நீக்கமுடியாத விதி.

ஏம்பலம் என்னும் ஊரில் கோயிலைச் சார்ந்த ஓர் அறையிலேயே நிலையம் அமைந்தது. அந்நாளில் கோயிலுக்குள் நுழைய இயலாதவர்களும் அவ்வறைக்குள் தடையின்றி நுழைந்தார்கள். அங்கே ஓர் ஏழைப் பெண்மணியின் பசு கன்று ஈன மாட்டாமல் நாட்கணக்கில் தவித்ததாம். நிலையத்துக் கணிப்பொறியில் இருந்த மருத்துவர் பட்டியலைக் கொண்டு ஒருவரை வரவழைத்தார்கள், கன்று பிறந்தது. பசு ஒன்றே சொத்தாக உள்ள வீட்டில் இது சிறிய செய்தியன்று.

கடற்கரையில்

அடுத்த நாள் அரியாங்குப்பத்தைக் கடந்து வீராம்பட்டினம் சென்றேன். செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேரால் புகழ்பெற்ற மீனவர் ஊர் அது. பழைய யவன வாணிகத் தலமான அரிக்கமேடு அருகிலேயே இருக்கிறது. இவ்வூர் நிலையம் நெல் விலையை விட அலையின் உயரத்தையே முதன்மையாகக் கூறியது. அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் வெளியிட்ட முன்னறிவிப்பை நாள்தோறும் எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு வல்லரசு தன் போர்க்கப்பல்களுக்காகச் சேர்த்த கணக்கு, கட்டுமரக்காரர் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப் பயன்பட்டது!

அங்கிருந்து தவளக்குப்பத்தை அடுத்த நல்லவாடு சென்றேன். நம்மைப் போன்று பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்கள் அனைவரும் இவ்வூரின் கதையை அறிதல் வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். முன்பு அறிவு மையத்தோடு தொடர்புடையவர். அங்கே தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டதும் உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் வரத் தொடங்கிவிட்டது என்று வீட்டார் கூறினர். “உடனே ஓடுங்கள், ஊராருக்கும் சொல்லுங்கள்” என்றார் அவர். ஊரார் நிலையத்தின் பூட்டை உடைத்து உள்ளே சென்று, ஒலிபெருக்கியை இயக்கி, அனைவரையும் வெளியேறச் சொல்லி அறிவித்தார்கள். பேரலை வந்தபோது வீடுகள் பல இடிந்தன. படகுகள் பல சிதறின. ஆயின் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிர்ச்சேதம் இல்லை என்று அந்நாளைய செய்திகள் கூறின.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இதைப்பற்றிக் கேட்டேன். கடலைப் பார்த்தவாறே அவர் சொன்னார்: “போன் ஒரு வீட்டுக்குத்தான் வந்தது, தம்பி. மைக்குதான் ஊருக்குச் சொல்லுச்சு.”

திரும்பும் வழியில்

அந்த ஒரு வாக்கியத்தையே சிந்தித்துக்கொண்டு தாதருக்குத் திரும்பினேன். 1998இல் செய்தியைக் கொண்டு வருவதே பெரும்பாடு. இன்று செய்தி சட்டைப்பையில் கிடக்கிறது. 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. உழவர் தம் மொழியில் ஐயம் கேட்பதற்கு 1800-180-1551 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி 2004 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் ‘உழவன்’ செயலி 2018இல் வந்தது. பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யப் பொதுச் சேவை மையங்களும் உள்ளன. எங்கள் தந்தையாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. இருந்தும் அவருக்குச் செய்தி எட்டவில்லை. அதை எடுத்து உரக்கச் சொல்லும் ஒருவர் இல்லாததே குறை. வில்லியனூர்த் தொண்டர்கள் செய்தது அப்பணியைத்தான்.

செய்தி ஒன்றே எல்லாத் துன்பத்தையும் தீர்த்துவிடும் என்று நான் கூறவில்லை. நெல்லின் விலை தெரிந்திருந்தும், முன்பணம் வாங்கிய கடனுக்காகக் குறைந்த விலைக்கே விற்கும் உழவர் எங்கள் ஊரிலும் உண்டு. அவருக்கு விலைப்பட்டியல் மட்டும் போதாது. ஆனால் காப்பீட்டின் கடைசி நாள், மானிய விதைக்கு மனுச் செய்யும் நாள், புயல் கரை கடக்கும் நேரம் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. உரிய காலத்தில் ஒரு சொல் காதில் விழுந்தால் போதும்; விழாவிடில் ஓராண்டு உழைப்பு வீண்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மில் எத்தனையோ பேருக்கு ஊரில் காணி நிலம் உண்டு. அதனைப் பார்த்துக்கொள்ளும் முதிய பெற்றோர் உண்டு. மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். பணத்தோடு செய்தியும் அனுப்புகிறோமா? நல்லவாட்டு இளைஞர் அன்று தன் ஊருக்கு அனுப்பியது பணமன்று.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். படிப்பகத்தின் வாயிலில் ஒரு கரும்பலகை மாட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், நம் பிள்ளைகளுள் படித்தவர் இருவர், நம் மாவட்டங்களுக்குரிய வேளாண் அறிவிப்புகளையும் கடைசி நாட்களையும் பார்த்துத் தமிழில் அதில் எழுதட்டும். படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லட்டும். கேட்டவர்கள் அன்றிரவே ஊருக்குப் பேசட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை, சுண்ணக்கட்டி போதும். முதல் ஞாயிறு நானே வந்து எழுதுகிறேன்.

விடுமுறை முடிந்து வேலையில் சேர்ந்த அன்று ஒரு மூதாட்டி சன்னலருகே வந்து, “தம்பி, திருநெல்வேலி வண்டி எங்கே நிக்கும்?” என்று கேட்டார். மேடை எண்ணைச் சொன்னேன். பின் வேலை முடிந்ததும், வீடு சேரும்வரை காத்திராமல், நிலையத்தின் படிக்கட்டில் நின்றவாறே தந்தையாருக்குத் தொலைபேசியில் பேசினேன். அடுத்த சம்பாவுக்குக் காப்பீட்டுப் பணத்தை நான் அனுப்புவதாகவும், கடைசி நாளை நானே நினைவூட்டுவதாகவும் சொன்னேன்.

“நமக்கு மட்டும் சொன்னால் போதுமா, தம்பி? பக்கத்து நிலத்துக்காரனுக்கும் தெரியாதே” என்றார் அவர்.