பழைய சண்டைப் படம்... ப்ளூ-ரேயில் வாங்கலாமா?

யூடியூபில் சும்மா கிடைக்கிற படத்தைக் காசு கொடுத்து டிஸ்க்கில் வாங்க வேண்டுமா? கழுகுமலையில் எங்கள் வீட்டில் ஒரு மாதமாக இதுதான் பேச்சு. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, தீபாவளிக்கு வரும்போது ஒரு ப்ளூ-ரே பிளேயரும் 20 பழைய ஆக்‌ஷன் படங்களும் அப்பாவுக்கு வாங்கி வருகிறேன் என்று சொன்னதில் ஆரம்பித்தது.

அப்பாவுக்கு 76 வயது. இளமையில் கரிசல்காட்டு ஊர்களில் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டராக இருந்தவர். ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். படத்தைச் சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்ப்பார். அதிலும் பாதி நேரம் கண் மெஷின் மேல் இருக்கும். "நூறு தடவ ஓட்டுன படத்தக்கூட முழுசா ஒக்காந்து பாத்ததில்ல தாயி" என்பார்.

இரண்டு வருடங்களாக அவருக்குக் கண் அழுத்த நோய். போன பார்வை திரும்பி வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கவாட்டுப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. இருட்டுக் காட்சி வந்தால் திரையில் யார் நிற்கிறார்கள் என்று என்னைக் கேட்கிறார். அதனால் எங்களுக்கு இது வெறும் ஷாப்பிங் கேள்வி இல்லை. இனி அவர் பார்க்கப்போகும் படங்களில் எதை நல்லபடியாகப் பார்க்க வேண்டும் என்கிற கேள்வி. தம்பி வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவன், அவன் பணமும் வீணாகக் கூடாது.

முதலில் வித்தியாசத்தைப் புரிந்துகொண்டேன். நம் ஊர் டிவிடியில் படம் 576 வரிகளில் இருக்கும். ப்ளூ-ரேயில் 1080 வரிகள். மொத்தப் புள்ளிகளை எண்ணினால் 5 மடங்கு. 4கே டிஸ்க்கில் 2160 வரிகள். வரிகளைவிட முக்கியம், படத்தை எவ்வளவு நசுக்கியிருக்கிறார்கள் என்பது. டிவிடியில் அதிகபட்சம் 8.5 ஜிபி அடங்கும். ப்ளூ-ரேயில் 50 ஜிபி வரை. இணையத்தில் வரும் படத்தை நம் டேட்டாவுக்கு ஏற்றபடி சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். சுருக்கும்போது முதலில் அடிபடுவது இருட்டான இடங்களும் வேகமான அசைவுகளும். கறுப்பு கட்டம் கட்டமாகப் பிரியும், சுழலும் வாள் கலங்கலாகத் தெரியும். சண்டைப் படத்தில் வேறென்ன இருக்கிறது? இருட்டும் வேகமும்தானே! அப்பாவின் கண்ணுக்குச் சிரமம் தருவதும் அதே இடங்கள்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் வாங்கிவிடலாமே என்றால், அதுவும் இல்லை. ப்ளூ-ரே ஒரு பாத்திரம். அதில் ஊற்றுவது நல்ல தண்ணீரா, கலங்கல் தண்ணீரா என்பதுதான் விஷயம். 35 எம்.எம். நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்த படமென்றால், 60 வருடப் பழசாக இருந்தாலும் துணியின் இழைகூடத் தெரியும். தியேட்டர் தியேட்டராகத் தேய்ந்த பிரின்டிலிருந்தோ, டிவிக்காக எப்போதோ எடுத்த வீடியோ டேப்பிலிருந்தோ ஏற்றியிருந்தால், எத்தனை வரி இருந்தும் பயனில்லை. அப்பா சொல்வது போல, "மழ பெய்யுத படத்த எங்க ஓட்டுனாலும் மழதான் பெய்யும்."

தமிழில் பழைய படங்களைச் சுத்தம் செய்து கொண்டுவரும் வேலை நடக்காமல் இல்லை. 1964-ல் வந்த 'கர்ணன்' 2012-ல் மெருகேறித் திரும்பி வந்து சக்கைப்போடு போட்டது. எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-ல் வந்தது. எங்கள் பக்கத்துக் கதையான 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 2015-ல் வந்தது. ஆனால், தியேட்டருக்கு வந்ததெல்லாம் தரமான டிஸ்க்காக வீட்டுக்கு வந்துவிடவில்லை. தம்பியின் பட்டியலில் இருந்த 20-ல் பெரும்பாலானவை ஹாங்காங், ஹாலிவுட் படங்களாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தக் காலப் படங்களின் சட்டம் ஏறக்குறைய சதுரம். இன்றைய டிவி அகலம். திரை நிறைய வேண்டும் என்று மேலேயும் கீழேயும் வெட்டி வெளியிடுகிறவர்கள் உண்டு. வாள் சண்டையில் கால் நகர்வு தெரியாவிட்டால் பாதிச் சண்டை போச்சு. பழைய பின்னணி இசையை எடுத்துவிட்டுப் புது ஒலி சேர்ப்பதும் நடக்கிறது. எங்கள் மலையில் வெட்டுவான் கோயில் இருக்கிறது. பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்து, முடிக்காமல் விட்ட கோயில். தூசி தட்டலாம், பாசி அகற்றலாம். முடியவில்லையே என்று இன்று யாராவது உளியை எடுத்தால் ஊர் சும்மா விடுமா? படமும் அப்படித்தான். கழுவுவது வேறு, செதுக்குவது வேறு.

பெரிய சிக்கல் கடைசியில்தான் தெரிந்தது. ப்ளூ-ரேக்கு ஏரியா உண்டு. அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் எல்லாம் 'ஏ'. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் 'பி'. இந்தியா 'சி'. எல்லா டிஸ்க்கிலும் இந்தப் பூட்டு இருக்காது. ஆனால் இருக்கும் டிஸ்க், வேறு ஏரியா பிளேயரில் ஓடாது. உதாரணமாக, அமெரிக்காவின் க்ரைடீரியன் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட புரூஸ் லீ தொகுப்பு 'ஏ' ஏரியாவுக்கானது. இங்கே வாங்கிய பிளேயரில் போட்டால் திரையில் எச்சரிக்கை மட்டும்தான் வரும். 4கே டிஸ்க்குகளுக்கு ஏரியா கிடையாது, ஆனால் அதற்கு 4கே பிளேயர் வேண்டும். பிளேயரும் இனிமேல் எளிதில் கிடைக்கிற பொருள் இல்லை. சாம்சங் 2019-லும், எல்ஜி 2024-லும் இந்தத் தொழிலை விட்டு விலகிவிட்டன.

இதையெல்லாம் பார்த்தால் ஓடிடியே போதும் என்று தோன்றும். ஒருமுறை பார்த்து மறக்கிற படத்துக்கு அது போதும்தான். ஆனால் உரிமை முடிந்தால் படம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். வாங்கிய டிஸ்க் அலமாரியில் இருக்கும். நெட் இல்லாத ராத்திரியிலும் ஓடும்.

கடைசியில் அப்பா முன்னால் பட்டியலை வைத்து ஒவ்வொரு படத்துக்கும் நான்கு கேள்விகள் கேட்டோம். நெகட்டிவிலிருந்து எடுத்ததா? சட்டத்தை வெட்டாமல் இருக்கிறதா? நம் பிளேயரில் ஓடுமா? மூன்று தடவையாவது பார்ப்பீர்களா? நான்காவது கேள்விக்கே பத்துப் படங்கள் போய்விட்டன. "இதெல்லாம் ஒருக்க பாத்தாப் போதும். யூடியூப்லயே போடு" என்றார்.

மிஞ்சியது மூன்று. அதில் முதலாவது, 1973-ல் வந்த 'என்டர் தி டிராகன்'. அது அமெரிக்காவில் வெளியாகும் முன்பே, அந்த ஜூலையில் புரூஸ் லீ இறந்துபோனார். படத்தின் 50-ஆம் ஆண்டான 2023-ல் 4கே டிஸ்க் வந்தது. முடிவில் வரும் கண்ணாடி அறைச் சண்டையில் எது ஆள், எது பிம்பம் என்று ஓட்டை வழியாகத் தனக்குப் புரிந்ததே இல்லை என்றார் அப்பா. அந்த ஒரு காட்சிக்காகவே வாங்கலாம் என்று முடிவானது.

'கட்டபொம்மன்' எங்கள் வீட்டில் பழைய டிவிடியாக இருக்கிறது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. அதனால் அந்தப் படம் இல்லாமல் அப்பாவுக்கு முடியாது. ப்ளூ-ரே பிளேயரில் டிவிடியும் ஓடும், ஓரளவு தெளிவாகவே காட்டும் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ஆக, தம்பியிடம் சொன்னது இதுதான்: "பிளேயரை அங்கே வாங்காதே. 4கே பிளேயராக இங்கேயே வாங்குகிறோம். நீ மூன்று 4கே டிஸ்க் மட்டும் கொண்டு வா. மிச்சப் பணத்தில் நான்கு நாள் லீவு கூடப் போட்டுக்கொள். அப்பா கூட உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும்."

உங்கள் வீட்டிலும் இப்படியொரு யோசனை வந்தால், விலையைப் பார்க்கும் முன் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். பதில் சரியாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். படம் காத்திருக்கும். கண் காத்திருக்காது.